ஆறு நாள் தண்ணீர்

குளியலறையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டபோதே சிதாபிலேவுக்குச் சந்தேகம் தட்டியது. புலவாயோவில் அவள் தெருவில் யாரும் குளியல் தொட்டியில் குளிப்பதில்லை. வாரத்தில் ஒரே நாள் குழாயில் வருகிற தண்ணீரை அதில் விளிம்பு வரை பிடித்து, பலகை போட்டு மூடி, பிள்ளைகள் கை வைக்காமல் காவல் காக்க வேண்டும். ஒரு வாளியில் குளித்து, அந்தத் தண்ணீரிலேயே தரை துடைத்து, கடைசியில் அதைக் கக்கூஸில் ஊற்றுகிற வீடு அது.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து நேற்று காரில் வந்திறங்கிய கணவனின் அண்ணன் ம்போனிசிக்கு இதெல்லாம் மறந்துவிட்டது. பலகையை நகர்த்திவிட்டுத் தொட்டிக்குள்ளேயே இறங்கி, சோப்பு நுரையோடு ஊறி எழுந்திருக்கிறார். துண்டோடு அவர் வெளியே வந்தபோது உள்ளே தண்ணீர் கடகடவென்று போய்க்கொண்டிருந்தது. சிதாபிலே ஓடிப்போய் அடைப்பானைச் செருகினாள். கணுக்கால் அளவுதான் மிச்சம்.

"எதுக்கு அத்தான் இதைப் பிடுங்கினீங்க?"

"குளிச்சா பிடுங்கத்தானே வேணும், மாண்ட்லோவு?" பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லிச் சிரித்தார். "அழுக்குத் தண்ணிய வச்சு ஊறுகாயா போடப் போற?"

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மாமனார் செத்து வருஷம் முடிகிறது. அடுத்த சனிக்கிழமை அவர் ஆவியை வீட்டுக்கு அழைக்கும் சடங்கு. அதற்கான சோள பீர் புளிக்க ஏழு நாள் வேண்டும். இன்றைக்கே மாவு கரைத்தாக வேண்டும். பீர் இல்லையென்றால் கிழவர் வெளியிலேயே நிற்பார், பழி மருமகள் தலையில் விழும். மூத்த மகனோ அப்பாவின் தண்ணீரில் சோப்பு போட்டுக் குளித்துவிட்டுப் பாட்டுப் பாடுகிறார்.

"ரெண்டு பாட்டில் தண்ணி வாங்கிட்டா போச்சு," என்றார் ம்போனிசி.

ரெண்டு பாட்டிலாம். அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் குலேகானி முந்திக்கொண்டான். "விடு சிதா. அண்ணன்கிட்ட எதிர்த்துப் பேசாத."

சரி, பேசவில்லை.

மதியம் சொந்தக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். சோளக்களியிலும் கறியிலும் ஆவி பறந்தது. சாப்பாட்டுக்கு முன் மருமகள் மண்டியிட்டு, பெரியவர்களில் தொடங்கி ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்ற வேண்டும். முதலில் மாமனாரின் தங்கை தோகோசிலே. சிதாபிலே அவரைத் தாண்டிப் போய் ம்போனிசி முன்னால் மண்டியிட்டாள். தலை குனிந்து, மரியாதை குறையாமல் ஊற்றினாள். சாம்பல் நிறத் தண்ணீர், நுரையோடு அவர் விரல்களில் வழிந்தது.

"என்ன இது?"

"நீங்க குளிச்ச தண்ணி, அத்தான். இந்த வீட்ல இருக்கறது இதுதான். குழாய்ல அடுத்த தண்ணிக்கு இன்னும் ஆறு நாள். மாமாவுக்கு பீர் கரைக்கவும் இதுதான்."

குலேகானி எழுந்தான். தோகோசிலே கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார்.

"தொட்டியிலயாடா குளிச்ச?"

"ஆமா அத்தை. எனக்கு ஞாபகம் வரல..."

கிழவி தன் கைகளை நீட்டினார். "எனக்கும் ஊத்துடி."

"உங்களுக்கு வேணாம் அத்தை."

"ஊத்து. எங்க அண்ணன் இதைத்தான் குடிக்கணும்னா, அவன் தங்கச்சி இதுலயே கை கழுவுறா."

ஊற்றினாள். தோகோசிலே நிதானமாகக் கழுவி, துடைத்துக்கொண்டார்.

"தேவாலயத்துக்குப் பின்னால போர் குழாய் இருக்கு. வரிசை இந்நேரம் ரோடு வரைக்கும் நிக்கும். உன் கார்ல எத்தனை வாளி ஏறும்?"

ம்போனிசி களியைப் பார்த்தார். பிறகு எழுந்தார். குலேகானியும் கூடவே எழுந்தான். கிழவி தடுத்தார்.

"நீ உக்காரு. அப்பனுக்கு மூத்தவன் சுமக்கட்டும்."

வெள்ளைச் சட்டையோடு அவர் வாளிகளைப் பொறுக்குகிற சத்தம் கொல்லையில் கேட்டது. சிதாபிலேவுக்குக் கோபம் அப்போதும் அடங்கவில்லை. கை கழுவிய தண்ணீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் எடுத்துப்போய்க் கக்கூஸ் வாளியில் ஊற்றினாள்.