கட்டைவிரலைச் சூப்பும் மனிதன்

சிலுவைக் கல்லை நட்டு நிமிர்த்தி, மூடியிருந்த கம்பளியை உருவியதும் கூட்டம் "ஆ!" என்று வாயைப் பிளந்தது. கல்லில் நெருப்பருகே ஒருவன் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்; பக்கத்தில் ஒரு பறவை, ஒரு குதிரை. அடுத்த மூச்சிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது.

"அட, பாட்டன் கதையில வர்ற நம்ம சிகுர்து!" என்று துள்ளினார் ஸ்குலி, செத்துப்போன ஒஸ்பாக்கின் தம்பி. "நாகத்தைக் கொன்னு அதோட இதயத்தைச் சுடுறான். சூடு பட்டு விரலை வாயில வெச்சான் பாரு, நாக ரத்தம் நாக்குல பட்டதும் பறவை பாஷை புரிஞ்சுபோச்சு! பறவை இருக்கு, குதிரை இருக்கு, இன்னும் என்ன வேணும்? முதல் கொம்பு மது நம்ம பழைய சாமி ஓடினுக்குத்தான்!"

"சிகுர்தாவது மண்ணாங்கட்டியாவது!" என்றார் பாதிரியார் பேலன். "இது பேதுருய்யா. ஆண்டவரைத் தெரியாதுன்னுட்டு நெருப்புல குளிர் காயுறார். வெட்கத்துல விரலைக் கடிக்கிறார். அந்தப் பக்கம் சேவல் கூவுது!"

"அப்ப குதிரை?"

பாதிரியார் குனிந்து கல்லை உற்றுப் பார்த்தார். "பிரதான ஆசாரியரோட குதிரை."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒஸ்பாக்கின் ஒரே மகள் ரன்வி மட்டும் சித்தப்பா ஸ்குலியையும் பாதிரியாரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாவு விருந்தில் அவள் நீட்டும் மதுக் கொம்பைச் சித்தப்பா வாங்கிக் குடித்தால்தான் அப்பாவின் நடு இருக்கை அவளுக்கு. இருக்கை போனால் பண்ணையும் போச்சு. சித்தப்பாவோ ஓடினுக்கென்றால்தான் குடிப்பார்; ஓடின் பெயரை எடுத்தால் பாதிரியார் கல்லை மந்திரிக்க மாட்டார். கோயில் முற்றத்தில் தன் பேருக்கு ஒரு கல் நிற்க வேண்டும் என்பதுதான் அப்பா கடைசியாகக் கேட்டது.

செதுக்கின தோர்பின்னைக் கேட்கலாமென்றால், அந்த மனுஷன் கல்லைத் தூக்கி நிறுத்திய களைப்பில் மதுப் பீப்பாய்க்குப் பின்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள் ரன்வி. என்ன சொல்லப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. "அது சிகுர்தும் இல்ல, பேதுருவும் இல்ல. எங்கப்பா! கறி வேகுறவரைக்கும் அவருக்குப் பொறுக்குமா? கையை விட்டுச் சுட்டுக்குவாரு. அது எங்க செவலைக் கோழி. அது எங்க நொண்டிக் குதிரை!"

பச்சைப் பொய். ஒஸ்பாக் அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஆனால் கூட்டத்துக்குக் குஷி பிறந்துவிட்டது. "ஆமா, எங்க வீட்டு விருந்துலகூடச் சுட்டுக்கிட்டாரே!" என்றது ஒரு குரல். "எனக்கும் ஞாபகம் இருக்கு!" என்றது இன்னொன்று. "கோழியேதான், அந்தக் கொண்டையைப் பாரேன்!" பாதிரியாரே, "எம்மேல கொதிக்கிற கஞ்சியைக் கொட்டினவராச்சே," என்று தலையாட்டினார். சத்தத்தில் விழித்துக்கொண்ட தோர்பின் தள்ளாடி வந்து, "அடப்பாவிகளா, அது வந்து—" என்று ஆரம்பிக்க, ரன்வி பக்கத்திலிருந்த கொம்பை அப்படியே அவன் வாயில் கவிழ்த்தாள்.

ஸ்குலி மட்டும் சிரிக்கவில்லை. கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு யாரு சொன்னா?"

ரன்வி மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள்.

"அடுப்புல அவனைத் தள்ளிவிட்டது நான்தான், புள்ள. சின்ன வயசுல. 'யாருடா தள்ளினது'ன்னு அம்மா அந்த அடி அடிச்சா. வெந்த விரலை வாயில வெச்சுக்கிட்டு நின்னானே தவிர, என் பேரைச் சொல்லலியே எங்கண்ணன்!" ஸ்குலி ஓவென்று அழுதார். அழுதுகொண்டே சிரித்தார். "ஒருத்தருக்கும் தெரியாதுன்னுல்ல நெனச்சேன். உன்கிட்ட மட்டும் சொல்லியிருக்கான், திருட்டுப் பய! கொண்டா கொம்பை!"

ஒரே மூச்சில் காலி செய்தார். பாதிரியார் மறு பேச்சில்லாமல் தீர்த்தம் தெளித்தார். கூட்டம் ரன்வியைத் தோளில் தூக்கிக்கொண்டு கூத்தும் கும்மாளமுமாகக் கூடத்துக்குள் போய், அப்பாவின் இருக்கையில் தொப்பென்று போட்டது.

மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவள் சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

"அப்பா என்கிட்ட ஒண்ணுமே சொல்லல, சித்தப்பா. இன்னொரு தடவ சொல்லுங்க."