சூடில்லாத புகை

என் வீட்டுக்காரர் அமலநாதன், மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பதினோரு வருஷம் புகைக்கூடத்தில் வேலை பார்த்தார். ரப்பர் ஷீட்டுகளைக் கழிகளில் வரிசையாகத் தொங்கவிட்டு, கீழே கட்டை எரித்து, நாள் கணக்கில் புகை போடுகிற வேலை. சூடு குறைந்தால் ஷீட் பூசணம் பிடிக்கும், கூடினால் கொப்புளம் போடும். கையை நீட்டிப் பார்த்தே சூடு சரியா இல்லையா என்று சொல்லிவிடுவார். அவர் புகை போட்ட ஷீட்டைக் குறை சொல்லி ஒரு கடுதாசி வந்ததில்லை. அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் எங்களுக்கு வினையாகப் போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூன்றாம் வருஷம் மழைக்கு முன்னால் அவர் இருமலில் ரத்தம் வந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் ஐயாசாமி நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இன்னும் ஒரு வருஷம் புகைக்குள்ள இருந்தா ஆளு தாங்காதும்மா. வெளிக்காத்துல ஏதாவது வேலைக்கு மாத்திக்கங்க.”

நான் நேரே ஆபீசுக்குப் போய்க் கணக்கு எழுதும் கிராணி செல்லப்பனிடம் கேட்டேன். அவர் தோட்ட மேனேஜரான வெள்ளைக்காரத் துரையிடம் சொல்லிப் பார்த்துவிட்டு மறுநாள் கையை விரித்தார்.

“அவன எடுத்துட்டா புகை போட ஆளு ஏதுங்கிறாரு துரை.”

“ஆளு செத்துப்போனா அப்ப யாரு போடுவாங்களாம்?” என்றேன்.

கிராணி பேரேட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. இங்கிலீஷ் வருஷப்பிறப்பு அன்று காலையில் எலுமிச்சம்பழமும் மாலையுமாகப் பங்களா வராந்தாவுக்குப் போய்த் துரையைக் கும்பிடுவோம். அன்றைக்குத் துரை மனம் குளிர்ந்திருக்கும்போது ஒருத்தர் வாய்விட்டு ஒன்று கேட்டால், இல்லை என்று சொல்ல மாட்டார். அப்படிக் கேட்டுத்தான் காளியப்பன் கேட்டில் காவல் நிற்கிற ஜாகா வேலை வாங்கினான். அவனுக்குக் கிடைத்தது என் புருஷனுக்குக் கிடைக்காதா என்று நினைத்தேன்.

நான் பங்களாவில் சமையல்காரி. துரைக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சிவப்பு மெழுகு பூசிய பால்கட்டி உருண்டை ஒன்று அவருக்கு ரயிலில் வரும். மலாய்க்காரர்கள் சொல்கிறபடி நாங்களும் அதைக் கேஜு என்போம். ஒரு நாள் மேசையில் அதை நறுக்கி வைத்தபோது துரை தன் உடைசல் தமிழில் சொன்னார்: “இது நல்லா இல்லே. எங்க அம்மா வீட்லே இதுக்குப் புகை குடுக்கும். சூடு இல்லாத புகை. இருபது வருஷம் ஆச்சு, நான் அது தின்னலே.” சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. வருஷப்பிறப்புக்கு ஒரு பலகாரம் செய்யவேண்டும் என்று அரை உருண்டையைக் கேட்டேன். எடுத்துக்கோ என்றார்.

வீட்டுக்காரரிடம் சொன்னதும் சிரித்தார். “புகைதானே? எங்கிட்டயா சொல்ற?” என்று பாதித் துண்டைத் துணியில் கட்டிக்கொண்டு போய்ப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே தொங்கவிட்டார். மத்தியானம் போய்ப் பார்த்தால் துணிதான் தொங்குகிறது. கேஜு உருகி, ஒழுகி, நெருப்பில் விழுந்து தீய்ந்திருந்தது. துணியில் ஒட்டியிருந்ததிலும் ஒரே ரப்பர் நாற்றம்.

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தார். “ரப்பருக்கு வேணுங்கிற சூடு இதுக்கு எமனா இருக்கே, கத்தரின்.”

நான் அவரைத் திட்டித் தீர்த்தேன். மிச்சம் கால் உருண்டைதான். அவரோ நான் திட்டுவதைக் காதில் வாங்காமல் யோசித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் வேலை ஆரம்பித்தது. ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் கங்கு. அதன் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, கணு உடைத்த பத்தடி மூங்கிலைச் சொருகி, மூங்கிலை ஈரமண்ணுக்குள் புதைத்தார். மூங்கிலின் மறுமுனை இன்னொரு தகரத்துக்குள் போனது. அதற்குள்தான் கேஜு. மண்ணுக்குள் அத்தனை தூரம் ஊர்ந்து வருவதற்குள் புகை ஆறிவிடும். என் கையைப் பிடித்து உள்ளே விட்டுக் காட்டினார். ஜில்லென்று இருந்தது. புகையில் சூடே இல்லை!

“ரப்பர்க் கட்டை வேணாம், நாத்தம் ஒட்டிக்கும்,” என்று கொய்யாக் கட்டையைச் சீவிப் போட்டார். வெயில் ஏறினால் கேஜு வியர்க்கும் என்பதால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் மட்டும் புகை. முதல் நாள் அவர் கங்கை ஊதினார், இருமினார், மறுபடி ஊதினார். எனக்குத் தாங்கவில்லை. “தள்ளுங்க, நான் ஊதுறேன்,” என்று அவரை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தேன். அவர் மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எட்டி உட்கார்ந்து, கட்டை கூடிப்போச்சு, தண்ணி தெளி என்று அதிகாரம் பண்ணினார். நாலு விடியல் அப்படிப் போயிற்று. கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் அத்தனை நேரம் சேர்ந்து உட்கார்ந்ததில்லை.

ஐந்தாம் நாள் கேஜு தேன் நிறத்தில் இருந்தது. ஒரு துணுக்கு வாயில் போட்டேன். கருவாட்டைப் பாலில் ஊறவைத்த மாதிரி இருந்தது. இதற்கா ஒரு மனுஷன் இருபது வருஷம் ஏங்கினான்?

வருஷப்பிறப்பன்று கும்பிட்டவர்கள் எல்லாம் போனபின் தட்டை நீட்டினேன். துரை ஒரு துண்டு தின்றார். அப்புறம் இன்னொன்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி நின்றார். இதுதான் நேரம்.

“யாரு செஞ்சான் இது?”

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். கேட்பதைக் கேட்டு வாங்கியிருக்கலாம். புருஷனுக்குப் பேர் வரட்டும் என்று ஆசைப்பட்டேன், பாவி.

“எங்க வீட்டுக்காரருங்க துரை. புகைக்கூடத்து அமலநாதன்.”

துரை விறுவிறுவென்று படி இறங்கினார். கீழே நின்ற என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு துரை தோட்டத்துக் கூலியாள் கையைக் குலுக்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நீ பெரிய ஆளு! இன்னும் ரெண்டு புகைக்கூடம் கட்டப்போறோம். மூணும் உன் கையிலே. சரியா?”

“துரை!” என்று நான் கத்தியேவிட்டேன். “அவருக்கு நெஞ்சு கெட்டுப்போச்சு துரை. புகை ஆகாதுங்க. வெளிவேலைக்கு மாத்திவிடுங்க. அதைக் கேக்கத்தான் வந்தோம்.”

துரை அவரைப் பார்த்தார். “நெஞ்சு கெட்டுப்போச்சா?”

என் வீட்டுக்காரர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. இருமலை அடக்கிக்கொண்டிருந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

“நல்லாத்தான் இருக்கேங்க துரை. பொம்பள, பயந்துக்கிட்டுப் பேசுது.”

பங்களா வேலி தாண்டியதும் ரோட்டோரம் உட்கார்ந்து இருமித் தீர்த்தார். துண்டெல்லாம் சிவப்பு.

“ஏன் அப்படிச் சொன்னீங்க? என் தலையில மண்ணப் போட்டுட்டீங்களே!” என்று அழுதேன்.

“பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் கத்தரின், ஒருத்தர் என் வேலையப் பாத்துக் கை குடுத்தாரு. அந்தக் கைய உதறச் சொல்றியா?”

முதுகைத் தடவிவிட்டேன்.

மார்ச்சில் புதுப் புகைக்கூடங்களுக்குக் கூரைத் தகரம் போட்டார்கள். செப்டம்பரில் அவரைக் குழிக்குள் இறக்கினோம். துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதம் ரயிலில் கேஜு வந்தது. துரை அதை அடுப்படிக்கே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். குரல் தணிந்திருந்தது.

“அமலநாதன் செஞ்ச மாதிரி செய்ய உனக்குத் தெரியுமா?”

எத்தனை அடி மூங்கில், எவ்வளவு கட்டை, எப்போது தண்ணீர் தெளிப்பது, எல்லாம் எனக்குத் தெரியும். நாலு விடியலும் ஊதியது நான்தான்.

“தெரியாதுங்க துரை,” என்றேன்.