இடப்பக்கத்தில் ஐந்து பட்டை

"குடு உலகம்மா" என்று குற்றாலிங்கம் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். உலகம்மாள் கொடுக்கவில்லை. மடியில் இருந்த லாரியை இன்னும் கொஞ்சம் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

ஒன்றரை அடி நீள லாரி. மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, ராவி, பச்சைச் சாயம் பூசியது. அதைச் செய்தவர் அவளுக்கு எதிரே பெஞ்சியில், நெற்றி நிறையத் திருநீற்றோடு, தெற்கே தலைவைத்துப் படுத்திருந்தார். தையல்காரர் மந்திரமூர்த்தி. மேலகரத்தில் பாதிப் பேர் அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அன்று அவர் சாவுக்கு வந்து நின்றார்கள்.

"எங்கப்பாவுக்கு நார்க்கட்டிலு பாதி முடைஞ்சபடி நின்னுபோச்சி. அவருகூடவேதான் போட்டு எரிச்சோம்" என்றார் குற்றாலிங்கம். செத்தவரின் அண்ணன் அவர். "அரகொறையா ஒரு வேல வீட்டுல கெடந்தா, செஞ்சவன் வாசல விட்டுப் போவமாட்டான். நம்ம குடும்பத்துல இது உண்டும்லா? உனக்குத் தெரியாததா?"

"தெரியும் அத்தான். ஆனா இது அரகொற இல்ல. முடிஞ்சிட்டுன்னு சொன்னாக."

"யாருகிட்டச் சொன்னான்?"

"எங்கிட்டத்தான். காலம்பற."

குற்றாலிங்கம் கல்நெஞ்சக்காரர் இல்லை. தம்பி போன துக்கத்தில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். ஆனால் குடும்ப வழக்கம் என்று வந்துவிட்டால் ஆள் இரும்பு. அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, மடியில் இருந்த வண்டியை மெல்லச் சாய்த்து அடிப்பக்கத்தைக் காட்டினார். பின்சக்கரத்துக்கு மேலே பாரம் தாங்குவதற்கு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிய பட்டைகள் இருக்கின்றன அல்லவா, அந்த இடத்தை. உடைந்த சுவர்க்கடிகாரத்தின் சுருளை வெட்டி மந்திரமூர்த்தி அவற்றைச் செய்திருந்தார்.

"வலப்பக்கம் எண்ணு."

"ஆறு."

"இடப்பக்கம்?"

"அஞ்சு" என்றாள் உலகம்மாள்.

"பொறவு என்னத்த முடிஞ்சிது? ஒரு பட்ட வைக்கணும். அதுக்குள்ள போயிட்டான்."

சுற்றி இருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் ஐந்து. இதில் மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது? குற்றாலிங்கத்தின் மனைவி நாச்சியார், "குடுத்திரு தாயி, அவுக ஆத்மா அலையப்படாது" என்று உலகம்மாளின் முதுகைத் தடவினாள்.

உலகம்மாளுக்கு உள்ளே சுட்டது. காரணம், அன்று காலை அதே கணக்கை அவளும் போட்டிருந்தாள்.

ஏழு மணி இருக்கும். வெளியே ஆனிச் சாரல். தையல் மிஷின் மேல் லாரியை வைத்து, துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு, "முடிஞ்சிட்டு, உலகம்மா" என்றார் அவர். எட்டு மாத வேலை. அவளும் ஆசையாகத்தான் தூக்கிப் பார்த்தாள். பார்த்த கண் சும்மா இருக்காதே. "என்ன, ஒரு பட்டைய முழுங்கிட்டீகளா? இடப்பக்கம் கொறையுது" என்று சிரித்தாள்.

"வண்டியில எத்தன இருக்கோ அத்தனதான் வச்சிருக்கேன். சந்தேகம்னா போயிப் பாரு."

"ஆமா, எனக்கு வேற சோலி இல்ல."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டு திரும்பியபோது அவர் தலை மிஷினில் சாய்ந்திருந்தது. முப்பத்திரண்டு வருஷம் கூடக் குடித்தனம் பண்ணிய மனுஷனோடு பேசிய கடைசிப் பேச்சு, நீங்கள் செய்தது தப்பு என்பதும், போய்ப் பார்க்க எனக்கு நேரமில்லை என்பதும். நினைக்க நினைக்க அவளுக்குத் தன் நாக்கைப் பிடுங்கி எறியலாம்போல இருந்தது.

"அத்தான்" என்றாள். "எம்மவ பேச்சித்தாய இலத்தூருல இருந்து கூட்டிக்கிட்டு மசூது வண்டி வருதுல்லா. அந்த வண்டியப் பாத்துத்தான் இதச் செஞ்சாக. வரட்டும். அடியில எண்ணிப் பாப்போம். ஆறு இருந்தா என் கையாலயே கொண்டாந்து வைக்குதேன்."

"எழவு வீட்டுல லாரிக்கு அடியில தலைய விட்டு எண்ணச் சொல்லுதியா? ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும்."

மகள் வராமல் எப்படியும் தூக்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகக் குற்றாலிங்கம் அரை மனதாகத் தலையை ஆட்டிவிட்டு, பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு தம்பியைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போனார். சங்கு ஊதும் சத்தம் தெருமுனை தாண்டித் தேய்ந்தது.

ஊர் சிரிப்பது உலகம்மாளுக்குப் புதிதா என்ன? பத்து வருஷமாகச் சிரித்த ஊர்தான். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் போகிற லாரிகள் டீக்கடை முன்னால் நின்றால் போதும், மந்திரமூர்த்தி கழுத்தில் தொங்கும் அங்குல நாடாவோடு அடியில் நுழைந்துவிடுவார். டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் அச்சுக்கு அளவு, சக்கரத்துக்கு அளவு, சங்கிலிக் கொக்கிக்குக்கூட அளவு. சட்டைக்கு அளவெடுக்கிற அதே சிட்டைதான். 'தளவாய், மார்பு முப்பத்தாறு' என்று எழுதியதற்குக் கீழேயே 'மசூது வண்டி, பின்கதவு ஐந்தே முக்கால் அடி' என்று இருக்கும். அடிக்கு ஓர் அங்குலம் என்பது அவர் கணக்கு. அதில் நூலிழை பிசகாது.

"என்னக்கா, அத்தான் லாரிக்குக் கால்சட்ட தைக்காகளா?" என்று குழாயடியில் கேட்பார்கள். முதல் இரண்டு வருஷம் உலகம்மாளுக்கு அவமானமாகத்தான் இருந்தது. வண்டி மசியும் மண்ணுமாக வரும் வேட்டியை அடித்துத் துவைப்பவள் அவள்தானே. குற்றாலிங்கமோ தென்காசிச் சந்தையில் யாராவது கேட்டால், தம்பி மிஷின் ரிப்பேர் பார்க்கிறான் என்று சொல்லி நழுவிவிடுவார்.

பிறகு எப்போது என்று அவளுக்கே தெரியாமல் அது மாறிப்போயிற்று. அவர் செய்த நான்காவது வண்டிக்கு டயர் அறுத்துக் கொடுத்தது அவள். ஐந்தாவது வண்டிக்குக் குடைக்கம்பியைத் தேய்த்தது அவள். சீசனுக்குக் குற்றாலம் வந்த பெரிய மனிதர் ஒருவர் தன் காரைச் செய்யச் சொல்லிவிட்டு, முன்னால் ஒரு பித்தளை மயில் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றார். "ஒங்க கார்ல மயில் இல்லியே. இல்லாதத நான் வைக்கமாட்டேன் ஐயா. இருக்கறத விடவும்மாட்டேன்" என்று இவர் சொல்லிவிட்டார். அந்த வேலை கைவிட்டுப் போயிற்று. அன்றைக்கு அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூரித்துப்போய் இரண்டு தோசை கூடுதலாகச் சுட்டுப்போட்டாள்.

அப்படிப்பட்டவர் ஒரு பட்டையை விட்டிருப்பாரா? விட்டிருக்கமாட்டார் என்று மனசு அடித்துச் சொன்னது. கண்ணுக்கு முன்னாலோ ஐந்துதான் இருந்தது. புருஷன் பொண்டாட்டிச் சண்டையில் ஒருநாளும் விட்டுக்கொடுக்காத உலகம்மாள், இந்த ஒரு தடவை நான் தோற்றுப்போக வேண்டும் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டாள்.

நீர்மாலைக் குடங்கள் வாசலுக்கு வந்த அதே நேரத்தில் லாரியும் வந்தது. பேச்சித்தாய் முன்பக்கத்திலிருந்து இறங்கி, "அப்பா" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். வீடு மறுபடி அழுதது. குளிப்பாட்டி, கோடி உடுத்தி, வாய்க்கரிசி போட்டு முடிகிறவரை உலகம்மாள் காத்திருந்தாள். லாரியை யாரிடமும் கொடுக்கவில்லை. பிறகு வாசல்பக்கம் பார்த்து, "மசூது" என்று கூப்பிட்டாள்.

வடகரைக்காரன் மசூது. முப்பது வயசு இருக்கும். ஞானதுரையின் மரக்கடை லாரியை நாலு வருஷமாக ஓட்டுகிறவன். தொப்பி நனைந்திருக்க, வாசற்படிக்கு வெளியிலேயே நின்றவன் அவள் கையில் இருந்ததை அப்போதுதான் பார்த்தான். மெல்ல உள்ளே வந்து குனிந்தான். வலதுபக்கக் கதவின் மேல்விளிம்பில் நாலு விரற்கடைக்குச் சாயம் தேய்ந்து தகரம் தெரிந்தது.

"இது நான் கைய வைக்கிற இடம்லா" என்றான். தன் முழங்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டான். "இதக்கூடவா பாத்தாக அண்ணாச்சி?"

"மசூது, ஒன் வண்டிக்கு எடப்பக்கம் பின்னால எத்தன பட்ட?"

"ஆறுக்கா."

கண்ணை மூடித் திறப்பதற்குள் சொல்லிவிட்டான். ஈரவேட்டியோடு நின்ற குற்றாலிங்கம், "கேட்டியா?" என்று கேட்டார். அந்தக் குரலில் வெற்றி ஒன்றும் இல்லை, பாவம்.

"எண்ணிச் சொல்லுதியா, நெனப்புல சொல்லுதியா?"

"ரெண்டு பக்கமும் ஆறுதான்க்கா. நாலு வருசமா ஓட்டுதேன், எனக்குத் தெரியாதா?"

"போயி எண்ணு."

அவள் சத்தம் போடவில்லை. ஆனால் மசூது உடனே திரும்பி வெளியே போனான். லாரிக்கு அடியில் அவன் தலையும் தோளும் மறைவதைத் தெருவே பார்த்தது. கொட்டுக்காரர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். போனவன் சீக்கிரம் வெளியே வரவில்லை.

"பெரிய அண்ணாச்சி" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "கொஞ்சம் இங்கன வாங்க."

குற்றாலிங்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். மழையில் குழம்பிய செம்மண்ணில், நீர்மாலைக்குக் குளித்த உடம்போடு, ஐம்பத்தெட்டு வயசில் மல்லாந்து படுத்து லாரிக்கு அடியில் நகர்ந்தார். உள்ளேயிருந்து அவர் எண்ணுவது வாசல்வரை கேட்டது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு."

மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். மறுபடியும் ஐந்தில் நின்றது. வலப்பக்கம் நகர்ந்து எண்ணினார், அங்கே ஆறு.

மசூது வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். "மூணு மாசமா வண்டி எடப்பக்கமாச் சாயுதுக்கா. லோடு ஏத்துத பயலுவதான் ஒழுங்கா அடுக்கலன்னு நித்தம் ஏசிக்கிட்டுத் திரிஞ்சேன். பட்டறையில விட்டப்போ ஒரு பட்டைய உருவிட்டு மாத்து வைக்காம அனுப்பிருக்கான். வண்டிய ஓட்டுதவன் நானு, எனக்குத் தெரியல. அண்ணாச்சிக்குத் தெரிஞ்சிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"வண்டி ஒன்னுதுல்லா. ஒனக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சிருப்பாக" என்றாள் உலகம்மாள்.

அழுதுகொண்டிருந்த பேச்சித்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். உலகம்மாளுக்கு அன்று காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. துக்கம் பாதி என்றால் மீதிப் பாதி பெருமை, அதை மறைக்க அவளுக்குத் தெரியவுமில்லை, மறைக்க வேண்டும் என்று தோன்றவுமில்லை. அவர் தப்பு விடவில்லை. முடிந்துவிட்டது என்று அவர் சொன்னால் முடிந்துவிட்டது.

குற்றாலிங்கம் எழுந்து வந்தார். முதுகு முழுக்கச் செம்மண், தோளில் மசி. துடைத்துக்கொள்ளவில்லை. நனைந்துகொண்டு நின்ற கூட்டத்தில் இலத்தூர்ச் சம்பந்திவீட்டுக்காரர் ஒருவர், "என்ன அண்ணாச்சி, என்ன சங்கதி?" என்று கேட்டார்.

"என் தம்பி வண்டி செய்யுதவன்" என்றார் குற்றாலிங்கம், தெரு முழுக்கக் கேட்கும்படி. "ஒரு வண்டி செஞ்சி முடிச்சிட்டுப் போயிருக்கான்."

பிறகு தம்பியின் தலைமாட்டுக்கு வந்து நின்று, உலகம்மாளைப் பார்க்காமல், "வீட்டுலயே இருக்கட்டும்" என்றார்.

தூக்கினார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். மசூது சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, லாரியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பாடைக்குப் பின்னால் ஆற்றுக்கு நடந்தான். கிளம்புவதற்குமுன் உலகம்மாளிடம் வந்து, "நாளைக்கே ஆறாவது பட்ட மாட்டிருவேன்க்கா. இதுக்கும் ஒண்ணு வெட்டி வைக்கச் சொல்லவா?" என்று கேட்டான்.

"வேண்டாம்யா. அவுக பாத்தப்போ அஞ்சுதான்."

வீட்டைக் கழுவிவிட்டார்கள். அவர் படுத்திருந்த இடத்தில் நாச்சியார் விளக்கேற்றினாள். வாசலையொட்டிய தையல்கடை முகப்பின் பலகைக் கதவைத் திறந்து, மிஷின் மேல் லாரியை வைக்கப்போன பேச்சித்தாய், "எந்தப் பக்கம் தெருவப் பாக்க வைக்கட்டும்மா? இந்த வலப்பக்கக் கதவுதான் நல்லாருக்கு" என்றாள்.

"எடப்பக்கத்த வை" என்றாள் உலகம்மாள்.

ஆற்றில் குளித்துவிட்டு ஆண்கள் சாரலில் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த உலகம்மாளுக்கு அவர்கள் வருவது தெரிந்தது. தெருவில் நின்ற பெரிய வண்டியின் பின்சக்கரத்துப் பக்கம் ஒருவர் குனிந்தார். பிறகு கடைவாசலுக்கு வந்து சின்ன வண்டியின் பின்சக்கரத்துப் பக்கம் குனிந்தார். அவர் நகர்ந்ததும் அடுத்தவர் வந்து குனிந்தார். அவருடைய உதடுகள் அசைவதையும், ஐந்தில் நிற்பதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.