பலகைக்கு அந்தப் பக்கத்து மீன்

கொட்டகலை கடைவீதியில் ஒரே கட்டடத்தில் இரண்டு துணிக்கடைகள். அப்பா இறந்த பிறகு அண்ணன் தம்பி இருவரும் நடுவே பலகை அடித்துப் பிரித்தது. வலப்பக்கம் மூத்தவர் சுந்தரலிங்கத்தின் கடை. அங்கே கல்லாவில் உட்காருவது அவர் மனைவி பூரணி. இடப்பக்கம் இளையவன் துஷாந்தின் கடை. அவன் சரக்கெடுக்க அலைவதால் அதைப் பார்ப்பது அவன் மனைவி ஜெயந்தினி. இரண்டு கடையிலும் ஒரே துணிதான். ஆனால் சுந்தரலிங்கம் கொழும்பிலிருந்து ஒரு கடல்மீன் தொட்டியைக் கொண்டுவந்து வைத்ததிலிருந்து கூட்டமெல்லாம் வலப்பக்கமே போனது.

தொட்டியில் ஒரே ஒரு கோமாளி மீன். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டைகள். தேயிலைத் தோட்ட லயத்துப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நகர மறுத்தார்கள். தாய்மாரும் நின்ற இடத்திலேயே கவுன் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜெயந்தினிக்கு வயிறு எரிந்தது. பலகையில் ஓரிடத்தில் ஆணி கழன்ற இடுக்கு இருந்தது. ஆள் வராத நேரமெல்லாம் அதில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றாள். வயிற்றெரிச்சலோடு பார்க்கிறவள் எதையும் தவற விடுவதில்லை. தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது என்பதால் சுந்தரலிங்கம் வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றி மட்டத்தைச் சரிசெய்வதைக் கண்டாள். மலைக்குளிருக்காக ஒரு கண்ணாடிக் குழல் தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டே இருந்தது. மேசைக்குக் கீழே சின்னக் காற்றுப் பம்ப் ஒன்று முனகியது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் தொட்டிக்குள் போய்க் குமிழி விட்டது.

தீபாவளி வியாபாரம் சூடுபிடிக்கும் நேரத்தில் மீன் படுத்துவிட்டது. சாப்பிடவில்லை. மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியது. மருந்தெல்லாம் பார்க்கலாம் என்று சுந்தரலிங்கம் சொல்லிக்கொண்டிருக்க, பூரணி அது கண்ணூறு என்று முடிவு கட்டினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் உப்பையும் காய்ந்த மிளகாயையும் எடுத்துத் தொட்டிக்குச் சுற்றிவிட்டு, தினமும் சாம்பிராணி போடும் கரண்டியின் கங்கில் போட்டாள். பனி தொடங்கியதிலிருந்து அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுவாள். வழக்கம்போலக் கரண்டியையும் மேசைக்குக் கீழேயே வைத்துவிட்டாள். பிறகு பலகையைப் பார்த்து, எதிரே யாரும் இல்லாதபோதும் சத்தமாகப் பேசினாள்.

"கண்ணுல கொள்ளிய வச்சிக்கிட்டுப் பாக்குறவங்க பக்கத்துலயே இருந்தா, வாயில்லாத சீவன் எப்பிடிப் பொழைக்கும்?"

ஜெயந்தினி இடுக்கிலிருந்து கண்ணை எடுத்தாள். முகம் சுட்டது. மீன் செத்தால் நல்லது என்று காலையில்தான் நினைத்திருந்தாள். பிள்ளைகள் இந்தப் பக்கம் வரும், தீபாவளிச் சரக்கு தேங்காது. இப்போது வேறொன்றும் புரிந்தது. மீன் செத்தால் கடைவீதி முழுக்க, அவள் கண்ணால்தான் செத்தது என்று பேசும். கண் பொல்லாதவள் கையால் தீபாவளித் துணியை யார் வாங்குவார்கள்?

மறுபடி இடுக்கில் கண்ணை வைத்தாள். மீன் காலையில் ஓரளவு நன்றாகவே இருந்ததை அவள் பார்த்திருந்தாள். நேற்றும் அப்படித்தான். விளக்கு வைத்த பிறகுதான் மேலே வந்து திணறியது. கரண்டியிலிருந்து எழுந்த புகை நேராக மேலே போகாமல் ஓர் ஓரத்தில் வளைந்து பம்ப்பின் பக்கம் போவதைக் கண்டாள்.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு அடுத்த கடைக்குள் நுழைந்தாள். பூரணி எழுந்து நின்றாள்.

"என்னத்துக்கு வந்த?"

"இதக் கொஞ்சம் பாருங்கக்கா. அப்புறமா ஏசுங்க."

ஜெயந்தினி குனிந்து ஊதுபத்தியைப் பம்ப்புக்குப் பக்கத்தில் பிடித்தாள். நூல்போல எழுந்த புகை வளைந்து பம்ப்பின் அடியில் போய் மறைந்தது. பம்ப் காற்றை உண்டாக்குவதில்லை, பக்கத்தில் இருக்கிற காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது, அவ்வளவுதான் என்று அவள் விளக்கினாள். பக்கத்தில் சாம்பிராணிப் புகையோ மிளகாய்ப் புகையோ இருந்தால் அதைத்தான் தள்ளும்.

"குமிழி ஒடையுற எடத்துல மோந்து பாருங்க."

பூரணி நம்பாமல் தொட்டிமேல் குனிந்தாள். அடுத்த நொடியே இருமத் தொடங்கினாள். கண்ணில் நீர் வர நிமிர்ந்தாள். கரண்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

சுந்தரலிங்கம் சொல்லச் சொல்ல இரண்டு பெண்களும் வாளி தூக்கினார்கள். குழாய்த் தண்ணீர் பனிக்கட்டிபோல இருந்தது. அதை அப்படியே ஊற்றினால் பிழைக்கிற மீனும் அதிர்ச்சியில் போய்விடும். அதனால் குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் குளோரின் மருந்தை முறித்து, கடல்மீனுக்கென்று விற்கும் உப்பைக் கரைத்து, தொட்டியின் சூட்டுக்கே கொண்டுவந்தார்கள். பழைய தண்ணீரில் ஒரு பகுதியை மட்டும் இறைத்துவிட்டுப் புதியதை மெல்ல ஊற்றினார்கள். அழுக்கை உறிஞ்சும் கரித்தூள் பையொன்றைத் குமிழியால் தண்ணீர் சுழலும் இடத்தில் கட்டினார்கள்.

இனிப் பம்ப்பை எங்கே வைப்பது? வலப்பக்கக் கடையில் எங்கே வைத்தாலும் சாமி படத்துக்குப் போடும் சாம்பிராணிப் புகை எட்டிவிடும். சுந்தரலிங்கம் பலகை இடுக்கைப் பார்த்தார், பிறகு ஜெயந்தினியைப் பார்த்தார். பம்ப் இடப்பக்கக் கடைக்குப் போனது. கரண்டு போனால் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பம்ப்புக்குள் இறங்கிவிடும் என்பதால், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஜெயந்தினியின் அலுமாரித் தட்டில் ஏறியது. அவள் எட்டிப் பார்த்த அதே இடுக்கின் வழியே குழாய் மறுபக்கம் போய், இடுக்கையும் அடைத்துக்கொண்டது.

"கரண்டும் எங்க கரண்டு, காத்தும் எங்க காத்து" என்றாள் ஜெயந்தினி.

"மீனு எங்க மீனு" என்றாள் பூரணி.

மெல்ல மெல்ல மீன் அடியில் நீந்தத் தொடங்கியது. ஒருநாள் சிறு இறால் துணுக்கு ஒன்றை விழுங்கியது என்று சுந்தரலிங்கம் வந்து சொன்னார். தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை அந்தப் பக்கம் முன்னைவிடக் கூட்டம். செத்துப் பிழைத்த மீனைப் பார்க்க வட்டகொடையிலிருந்தும் வந்தார்கள். தான் சுற்றிப் போட்டதில்தான் பிழைத்தது என்று பூரணி யாரிடமோ சொல்வது பலகை வழியே தெளிவாகக் கேட்டது.

விளக்கு வைக்கும் நேரம். ஜெயந்தினியின் கடையில் ஒரே ஒரு கிழவர் இடுப்பில் கட்ட ஒரு சாரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அலுமாரிக்குப் போய், தட்டுக்கு மேலே பம்ப்பிலிருந்து வரும் குழாயை இரண்டு விரலால் நசுக்கினாள். மறுபக்கம் குமிழிச் சத்தம் நின்றது. குழாய் விரலுக்குள் துடித்தது.

"ஜெயந்தி, குமிழி நின்னுபோச்சே! அந்தப் பக்கம் புகை ஏதும் போட்டிருக்கியா?" பூரணியின் குரலில் பயம் இருந்தது.

அந்தப் பயத்தை அவள் கொஞ்சம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு விரலை எடுத்தாள்.

"இல்லக்கா. நான் வாசல்லதான் போடப் போறேன்."

சாம்பிராணிக் கரண்டியை எடுத்துக்கொண்டு பனிக்குள் இறங்கினாள். அடுத்த கடையிலிருந்து பிள்ளைகள் புதுக் கவுனோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.