அவர் இருக்காரா?

எங்கள் சலவைக் கடையில் சட்டைப் பைகளைத் துழாவுவது என் வேலை. துணி மெஷினுக்குள் போவதற்கு முன்னால் யாராவது பார்த்தாக வேண்டும். ஒரு பேனா உள்ளே தப்பிப் போனால் அந்த ஈடு முழுக்க நாசம். மற்றவர்கள் பேனாவை எடுத்து வைத்துவிட்டு அடுத்த சட்டைக்குப் போய்விடுவார்கள். என்னால் அது முடியாது. ஒரு பையில் இரண்டு சினிமா டிக்கெட் கிடைத்தால், சட்டைக்காரர் யாரோடு போனார் என்று தெரியாமல் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. தெருவில் எனக்கு சிஐடி என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று மட்டும் விசாரிப்பேன்.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். அவர் வாயில் கேள்வியே வராது, மன்னிப்புதான் வரும். "இந்தக் கறை நான் குடுக்கும்போது இல்லையே" என்று யாராவது குரலை உயர்த்தினால் போதும், அது எங்கள் கடைக்கு வந்த துணிதானா என்றுகூடப் பார்க்க மாட்டார். "மன்னிச்சுக்குங்க சார், எங்க தப்புதான், சரி பண்ணிக் குடுத்துடறோம்." வந்தவர் பாதிக் கோபத்திலேயே அடங்கிவிடுவார். தொழிலுக்கு நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒருமுறை பக்கத்துத் தெருக் கடைக்காரன் பொசுக்கிய கோட்டுக்கு இவர் மன்னிப்புக் கேட்டு, பாதி விலையையும் கையில் கொடுத்து அனுப்பினார். அதை நான் மறக்கவில்லை, அவரையும் மறக்க விடவில்லை.

அன்று கடை போன் அடித்தபோது நான் உள்ளறையில் ஸ்டீம் இஸ்திரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஆவிச் சத்தத்துக்கு நடுவே அவர் பேசியது துண்டு துண்டாகத்தான் கேட்டது. "ஆமா சார்... மன்னிச்சுக்குங்க சார்... எங்க தப்புதான்... வெள்ளிக்கிழமைக்குள்ள குடுத்துடறோம் சார்." யாருடைய கோட்டோ என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் மனுஷன் முகத்தில் ஈயாடவில்லை.

"யாரு?"

"கடன் கம்பெனி."

"நாம எங்க கடன் வாங்கினோம்?"

"நாம இல்ல. மாப்பிள்ளை வாங்கினதாம்."

மாப்பிள்ளை என்றால் அவருடைய தங்கை கணவர். ஏசி மெக்கானிக். போன வருஷத் தொடக்கத்தில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவரில் வேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்துபோனார். அதிலிருந்து என் நாத்தனார் எங்களோடுதான் இருக்கிறாள். பகலில் கடையில் பில் போடுவாள், மிச்ச நேரமெல்லாம் படிப்பாள். லேப் டெக்னீஷியன் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பீஸ் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. தவறவிட்டால் இடம் காத்திருப்பவர்களில் யாருக்காவது போய்விடும். அந்தப் பணத்தை அவளே சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்திருந்தாள்.

"என்கிட்ட இருக்கிறதைக் குடுத்துடலாம்ணே," என்றாள் கவுன்ட்டரில் இருந்து. "படிப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

பஸ்ஸைத் தவறவிட்டவள் அடுத்த பஸ்ஸில் போகலாம் என்பதுபோலச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பேசினவன் பேர் என்ன?" என்று வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "எந்தக் கம்பெனி? எவ்வளவு வாங்கினாராம்? எப்போ வாங்கினாராம்?"

"கேட்கல."

"அப்புறம் என்னத்தைக் கேட்டுத் தர்றேன்னு சொன்னீங்க?"

"குரல் ரொம்பக் கோபமா இருந்துச்சு," என்றார் பரிதாபமாக. "வாய் தானா சொல்லிடுச்சு. இப்போ வாக்குக் குடுத்தாச்சு."

"ஒரு கைக்குட்டையைத் திருப்பிக் கேட்டு வந்தாலும் சீட்டு எங்கன்னு கேட்கிற கடை இது. எவனோ போன்ல கத்தினா அவ படிப்பையே தூக்கிக் குடுத்துடுவீங்களா?"

அவர் மடித்து வைத்த துணிகளையே மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் நூலக மாடிக்குப் போனேன். அங்கே ஓர் அறையில் சட்ட உதவி இலவசமாகக் கிடைக்கும். அறையில் இருந்த வக்கீலம்மா எங்கள் வாடிக்கையாளர்தான். கறுப்புக் கோட்டுப் பையில் எப்போதும் இருமல் மிட்டாய்த் தாள் இருக்கும். அவர் தொண்டை எந்த மாசம் கட்டும் என்பது எனக்கு அத்துப்படி. நான் சொன்னதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டார்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கடன்ல உங்க நாத்தனார் கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

"இல்லைன்னுதான் சொல்றா. அவர் மட்டும்தான் போய் வாங்கினாராம்."

"அப்போ அது அவங்க கடனே இல்ல. இறந்தவர் சொத்து ஏதாவது விட்டுட்டுப் போயிருந்தா அதுல கேட்கலாம். இவங்க சம்பாதிச்ச காசுல கை வைக்க முடியாது."

"என் வீட்டுக்காரர் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டாரே?"

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "போன்ல மன்னிப்புக் கேட்டா கடன் கை மாறிடுமா? ஆனா இனிமே அவரைப் பேச விடாதீங்க. பணமும் எதுவும் கட்டாதீங்க. கொஞ்சம் கட்டினாலும், பார்த்தீங்களா ஒத்துக்கிட்டாங்கன்னு அதையே பிடிச்சுக்குவாங்க."

நான் விடுவேனா? கடைக்குப் போன் பண்ணலாமா, கண்ட நேரத்தில் கூப்பிடலாமா, கடையில் வந்து உட்கார்ந்துகொண்டால் என்ன செய்வது, போலீஸ் வருமா என்று அடுக்கினேன். அவரும் சளைக்கவில்லை. கடன் விஷயத்தை வேறு ஆளிடம் சொன்னதே தப்பு என்றார். ஜெயில், போலீஸ் என்று மிரட்டுவது அதைவிடத் தப்பு. யார் பேசுவது, எந்தக் கம்பெனிக்காக, என்ன கணக்கு என்று எல்லாவற்றையும் எழுத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு. அதற்கு அவர்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். கேள்வி கேட்பது உரிமை என்று ஒரு வக்கீல் வாயாலேயே கேட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை நாள் அதை என் கெட்ட பழக்கம் என்றல்லவா வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்!

"இறப்புச் சான்றிதழ் நகல் வச்சு ஒரு லெட்டர் அனுப்பிடுங்க, நான் எழுதித் தர்றேன்," என்றார் வக்கீலம்மா. "அவர் இறந்ததே அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன். தெரிஞ்சா பேச்சு வேற மாதிரி இருக்கும்."

திரும்பி வரும் வழியெல்லாம் இதுதான் மண்டையைக் குடைந்தது. இத்தனை மாசம் கழித்தும் அவர்களுக்கு எப்படித் தெரியாமல் போகும்?

வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி கடை போன் அடித்தது. வீட்டுக்காரர் கை நீட்டுவதற்குள் பாய்ந்து எடுத்தேன். நாத்தனார் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள்.

"ஹலோ, அவர் இருக்காரா?" என்றது ஒரு இளம் குரல். மாப்பிள்ளையின் பெயரை இனிஷியலோடு சொல்லிக் கேட்டது. அந்தப் பெயரைக் காதால் கேட்டு எவ்வளவு நாளாயிற்று!

"நீங்க யாரு தம்பி?"

"கம்பெனில இருந்து பேசறேன்."

"கம்பெனிக்குப் பேர் இருக்குமே. உங்களுக்கும் இருக்குமே."

சொன்னான். எழுதிக்கொண்டேன். எவ்வளவு கடன், அதில் அசல் எவ்வளவு, மேலே ஏற்றியது எவ்வளவு என்று கேட்டேன். தடுமாறினான். "வெள்ளிக்கிழமை கட்டலைன்னா போலீஸ் வரும்" என்றான்.

"எந்த ஸ்டேஷன்ல இருந்து?"

"என்னது?"

"இல்ல, எந்த ஸ்டேஷன், என்ன கேஸ்னு சொன்னா நானே போய்ப் பார்த்துட்டு வந்துடுவேன். இங்கிருந்து பக்கம்தான்."

அந்தப் பக்கம் பெருமூச்சு கேட்டது. பாவம், சின்னப் பையன் குரல். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்டிருப்பேன். அதற்குள் அவனே அலுத்துக்கொண்டான்.

"மேடம், நான் என்ன பண்றது? அவங்க வீட்டம்மா மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமாக் கட்டிட்டுதான் இருந்தாங்க. மூணு மாசமா அதுவும் இல்ல. மேல திட்டறாங்க. சார் வெளியூர்ல வேலையா இருக்காரு, வந்ததும் பேசுவாருன்னு ஒவ்வொரு தடவையும் சொல்றாங்க. அவர் எப்பதான் வருவாரு?"

என் வாழ்க்கையில் கேள்வி எதுவும் கேட்காமல் நான் போனை வைத்தது அன்றைக்குத்தான்.

அவள் சாப்பிட்டுத் திரும்பியதும் உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டுகள் தொங்கும் கம்பிக்குப் பின்னால் நின்று, கேட்டதை அப்படியே சொன்னேன். மறைக்கப் பார்ப்பாள் என்று நினைத்தேன். அவள் மறைக்கவில்லை.

"அது என் கடன் இல்லன்னு எனக்குத் தெரியும் அண்ணி. நீங்க வக்கீல்கிட்ட போறதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சும் கட்டினியா? எதுக்கு?"

"கட்டாம விட்டா வேற ஆளை அனுப்புவாங்க, விஷயம் வெளிய வந்துடும். கொஞ்சம் கட்டினா அவனே கூப்பிடுவான். பீஸுக்குச் சேர்க்கணும்னு மூணு மாசமா நிறுத்தினேன், அதான் கடைக்குப் போன் வந்துடுச்சு." ஒரு கோட்டின் உறையை நீவிக்கொண்டே பேசினாள். "முதல் தடவை போன் வந்தப்போ, அவர் இருக்காரான்னு கேட்டான். இல்லன்னு சொல்ல வாய் வரல. வெளிய போயிருக்காருன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரமும் கூப்பிட்டான், சார் வந்துட்டாரான்னு கேட்டான். இங்க யாரும் அவர் பேரையே சொல்றதில்ல அண்ணி. அண்ணனும் சொல்றதில்ல, நீங்களும் சொல்றதில்ல. நான் உள்ள வந்தா பேச்சை மாத்திடறீங்க. அவர் வருவாருன்னு நினைச்சுக் கேட்கிறது அவன் ஒருத்தன்தான்."

அவள் மனசு நோகக் கூடாது என்றுதான் நாங்கள் அந்தப் பெயரையே எடுப்பதில்லை. ஊரில் உள்ளவன் சட்டைப் பைக்கெல்லாம் கதை கேட்கிற நான், இவளிடம் அந்த மனுஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் அழவில்லை.

"லெட்டர் போட்டா அவனும் நிறுத்திடுவான்," என்றாள்.

"ஆமா."

"போடலைன்னா படிப்பு போயிடும்."

"ஆமா."

நீவிய கோட்டைக் கம்பியில் தள்ளி மாட்டினாள். பிறகு, "லெட்டரைப் போடுங்க. ஆனா அதைப் பார்த்து அவனுக்குத் தெரிய வேண்டாம். நானே சொல்றேன்," என்றாள்.

லெட்டரை அன்று மாலையே பதிவுத் தபாலில் அனுப்பினோம். வெள்ளிக்கிழமை கடை திறந்ததும் அவள் தன் செல்போனை எடுத்தாள். பீஸ் பணம் அவள் கைப்பையில் இருந்தது. எங்களுக்கும் கேட்கட்டும் என்று போனைக் கவுன்ட்டரில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். வீட்டுக்காரர் ஏற்கெனவே தேய்த்த பேன்ட்டையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்! சார் வந்துட்டாரா?"

"இல்ல தம்பி. அவர் வர மாட்டாரு. இறந்துட்டாரு. போன வருஷமே."

அவனுக்குப் பின்னால் வேறு யார் யாரோ, வேறு யார் யாரையோ கேட்டுப் பேசிக்கொண்டிருப்பது மட்டும் கேட்டது.

"நான் எதுலயும் கையெழுத்துப் போடல," என்றாள். குரல் கொஞ்சம் உறுதிப்பட்டிருந்தது. "அது என் கடன் இல்ல. இனிமே எதுவும் கட்ட மாட்டேன். சான்றிதழோட உங்க கம்பெனிக்கு லெட்டர் வருது. ஏதாவது கேட்கணும்னா எழுத்துல கேளுங்க. கடைக்குப் போன் பண்ணக் கூடாது."

"சரிங்க மேடம். குறிச்சுக்கிறேன்." ஆனால் அவன் போனை வைக்கவில்லை. "மேடம்... சார் என்கூட ஒரு தடவை பேசியிருக்காரு. ஒரு தவணை லேட்டாச்சுன்னு நான்தான் கூப்பிட்டேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு, எனக்குக் குரலே வரல. என்ன தம்பி, கடன் கேட்கிறவன் இப்படிப் பயந்தா யாரு கட்டுவா, கொஞ்சம் அதட்டிக் கேளுன்னாரு. கேட்டேன். பத்தலன்னாரு. மறுபடி அதட்டினேன். இப்போ சரி, நாளைக்குக் கட்டிடறேன்னு சிரிச்சாரு. மறுநாளே கட்டிட்டாரு மேடம்."

வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கிட்டே போய்ப் பார்த்தால், சிரிக்கிறாள்.

"அவர் அப்படித்தான் தம்பி," என்றாள். "வேற என்ன சொன்னாரு?"

அவனுக்கு நினைவில் இருந்தது அவ்வளவுதான். அதையே அவளுக்காக இன்னொரு முறை சொன்னான். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"சரி தம்பி. இனிமே அவரைக் கேட்டுக் கூப்பிடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனை அவளே வைத்தாள்.

பீஸ் கட்ட நானும் கூடப் போனேன். வாசலிலேயே வரிசை நின்றது. நான் மாப்பிள்ளையின் பெயரைச் சத்தமாகச் சொல்லி, வீட்டிலும் மனுஷன் இப்படித்தான் இருப்பாரா என்று கேட்டேன். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொல்ல ஆரம்பித்தாள். வரிசை நீளமாகத்தான் இருந்தது, ஆனால் அவளுக்கு அது போதவில்லை.