பின்னால் போன ஸ்கூட்டர்

சுதாஜினிக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர் வேலை கிடைத்தது. அக்கராயனிலிருந்து காலையில் அந்தப் பக்கம் பஸ் இல்லை. அண்ணன் நிரோஜன் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போவதாகச் சொன்னான். அவன் வழியில் காண்கிற எல்லாரோடும் நின்று கதைப்பான். பின்னால் இருப்பவளையும் கதைக்குள் இழுப்பான். வாய் திறக்கவே கூச்சப்படுகிற சுதாஜினிக்கு அதைவிட நடந்தே போகலாம் போலிருந்தது.

வீட்டில் எஞ்சின் செத்த ஸ்கூட்டர் ஒன்று நின்றது. பழைய இரும்புக்கடையில் கிடந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் மோட்டரைச் சக்கரத்தோடு கழற்றி வந்து, இதன் பின்பக்கத்தில் பூட்டினாள். பற்றரியும் வைத்தாள். நிரோஜன் பக்கத்தில் கதிரை போட்டிருந்து, கரண்ட் நின்றால் மெழுகுதிரி கொளுத்தி ஓட்டுவாயா என்று விசாரித்தான்.

ஓடிப் பார்க்க அம்மா விடவில்லை. கோயிலில் சக்கரத்தின் கீழ் எலுமிச்சந் தேசிக்காய் நசிக்க முன்னம் வண்டி ஓடக்கூடாதாம். ஆகவே ஸ்ராண்டில் ஏற்றிவைத்தே பார்த்தாள். கம்பிகளே தெரியாத வேகத்தில் சக்கரம் சுற்றியது. அது போதுமென்று நினைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மூவருமாகப் பிள்ளையார் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கணபதி ஐயர் கற்பூரம் காட்டி, முன்சக்கரத்தின் கீழ் தேசிக்காயை வைத்தார். சுதாஜினி கைப்பிடியை மெல்லத் திருகினாள். ஸ்கூட்டர் பின்னால் போய்ச் செவ்வரத்தைச் செடிக்குள் நின்றது. தேசிக்காய் வைத்தபடியே இருந்தது.

"நல்ல பக்தி," என்றான் நிரோஜன். "பிள்ளையாருக்கு முதுகு காட்டாமல் போகுது."

ஐயர் சிரிப்பை மறைக்கத் தட்டை உயர்த்தினார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சகுனம் சரியில்லை, திங்கட்கிழமை அண்ணனோடேயே போ என்று தீர்ப்புச் சொன்னார்.

சுதாஜினி செடிக்குள் குந்தினாள். மோட்டருக்குப் போகும் மூன்று தடித்த வயர்களில் இரண்டை இடம் மாற்றினால் சக்கரம் மற்றப் பக்கம் சுற்றும். அதைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள்தான். சுற்றுகிற சந்தோசத்தில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. பற்றரி இணைப்பைக் கழற்றி, இரண்டையும் மாற்றிப் பூட்டினாள்.

இந்தமுறை தேசிக்காய் நசிந்தது.

கோயில் வாசலைத் தாண்டியதும் நிரோஜன் கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டான். திங்கட்கிழமை தானும் கூட வந்து, ரீச்சர்மாருக்கெல்லாம் இந்த வண்டியின் பக்தியைச் சொல்லப்போகிறானாம். குளக்கட்டு ஏற்றம் வந்தது. சுதாஜினி கைப்பிடியைத் தளர்த்தினாள். ஸ்கூட்டர் தயங்கி நின்றது.

"அண்ணா, இறங்குங்கோ. இது ஒரு ஆளைத்தான் தாங்கும்."

அவன் இறங்கி, பாவம், களைச்சுப்போச்சு என்று சக்கரத்தைத் தடவிக்கொடுத்தான். அவள் திரும்பிப் பார்க்காமல் கைப்பிடியை முழுக்கத் திருகினாள்.