தண்ணீர்த்தொட்டி நிறுத்தம்

நகரத்துக்கு இருபத்தைந்து ஆண்டுப் போக்குவரத்துத் திட்டம் ஒன்று தயாராகிவிட்டது என்றும், சனிக்கிழமை காலை நகர மண்டபத்தில் பொதுமக்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்றும் பணிமனைச் சுவரில் அறிவிப்பு ஒட்டினார்கள். படித்த ஓட்டுநர்களுக்கு ஒரே சிரிப்பு.

"இருபத்தஞ்சு வருஷமாம்! நாளைக்கு எந்த வண்டி ஓட்டப்போறோம்னே நமக்குத் தெரியல" என்றார் ஒருவர்.

"நம்ம ஆமை அண்ணன் இன்னைக்குக் கிளம்பினா, திட்டம் முடியறதுக்குள்ள ஒரு ட்ரிப் அடிச்சிட்டு வந்துடுவாரு" என்றார் இன்னொருவர்.

ஆமை அண்ணனும் சேர்ந்துதான் சிரித்தார். ஓய்வுபெற அவருக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அவர் வண்டியில் ஏறினால் பேப்பரை விளம்பரம் விடாமல் படித்துவிடலாம் என்று நடத்துநர்கள் கேலி செய்வார்கள். அவர் ஒரு காலத்தில் எல்லோரையும்போலத்தான் ஓட்டினார், ஒன்பது வருடமாகத்தான் இப்படி என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அவர்கள் அந்தக் கேலியில் சேர மாட்டார்கள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு காலை வேளை. தண்ணீர்த்தொட்டி நிறுத்தம் சாலை வளைவை ஒட்டி இருந்தது. நிழற்குடையின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு விளம்பரப் பலகை. அதன் பின்னால் ஒரு சந்து. சாலையின் எதிர்ப்புறம் கல்லூரி வழியாகப் போகும் பேருந்து நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடிக்கச் சந்துக்குள்ளிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். பதினேழு வயது. வளைவைத் தாண்டி வந்த இவருக்கு முதலில் பலகைதான் தெரிந்தது. பிறகு ஒரு நீல நிறப் பை. அவ்வளவுதான். பிரேக்கின் மேல் ஏறி நின்றும் வண்டி நிற்கவில்லை. இறங்கி ஓடி, ஆம்புலன்ஸ் வரும்வரை அவளுடைய தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு தார்ச்சாலையில் உட்கார்ந்திருந்தார்.

வழக்கு நடந்தது. வண்டியின் வேகம் மணிக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான் என்று நிரூபணமாகி அவரை விடுவித்துவிட்டார்கள். தீர்ப்பில் ஒரு வரி இருந்தது: 'இறந்த பெண் கவனக்குறைவாகச் சாலையைக் கடந்ததே விபத்துக்குக் காரணம்.' அந்த வரியைக் கேட்டபோது நீதிமன்றத்தின் பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று, திரும்ப உட்கார்ந்ததை அவர் பார்த்தார். அது இறந்துபோன பெண்ணின் தாய்.

நீதிமன்றத்தில் அவர் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. விபத்துக்கு இரண்டு மாதம் முன்பே பணிமனையின் குறைப் பதிவேட்டில் அவர் தன் கையால் எழுதியிருந்தார்: 'தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தில் விளம்பரப் பலகை பார்வையை மறைக்கிறது. அகற்ற வேண்டும்.' யாரும் அகற்றவில்லை. வழக்கின்போது போக்குவரத்து அலுவலகம் வைத்துக் கொடுத்த வக்கீல் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "பலகை அலுவலகத்தோடது. அதைப் பத்தி வாயைத் திறந்தீங்கன்னா அலுவலகம் உங்களைக் கைகழுவிடும். 'தெரிஞ்சும் ஏன் மெதுவா வரல'ன்னு உங்களையே திருப்பிக் கேப்பாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க." அவருடைய மகள்கள் இரண்டு பேரும் படித்துக்கொண்டிருந்த சமயம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னார்.

அந்த வக்கீலைத் தவிர இது அவருடைய மனைவிக்கு மட்டும் தெரியும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது, துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "போறதுன்னா போங்க. ஆனா அங்க போயும் வாயில கொழுக்கட்டை வச்ச மாதிரி உக்காந்துட்டு வரதா இருந்தா, வீட்லயே இருந்துக்கலாம்" என்றாள்.

போனார். வாசலில் ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். எண் முப்பத்திரண்டு. சுவர் முழுக்க வரைபடம். சிவப்புக் கோடு விரைவுப் பேருந்துத் தடம், பச்சைக் கோடு ரயில். சிவப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போய்த் தண்ணீர்த்தொட்டி நிறுத்தத்தைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் சின்ன எழுத்தில் 'மறுசீரமைப்பு: மூன்றாம் கட்டம்' என்று இருந்தது. மூன்றாம் கட்டம் பன்னிரண்டாவது வருடம் தொடங்குகிறது. ஆனால் நீளமான விரைவுப் பேருந்துகள் அந்தத் தடத்தில் இரண்டாவது வருடமே ஓடும்.

மேடையில் தலைமைப் பொறியாளரான அம்மாளும் மூன்று அதிகாரிகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம், முடிந்தால் மணி அடிக்கும். தன் கடை முன்னால் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றார் ஒரு வியாபாரி. தன் வீட்டுப் பக்கம் ரயில் வரக்கூடாது என்றார் ஒருவர். தன் வீட்டுப் பக்கம்தான் வரவேண்டும் என்றார் அவருக்குப் பின்னால் வந்தவர். கூட்டம் சிரித்தது.

"முப்பத்தொண்ணு."

எழுந்து போன பெண்ணைப் பார்த்ததும் அவருக்கு அடையாளம் தெரிந்தது. தலை நரைத்திருந்தது, உடம்பு பாதியாகியிருந்தது. ஆனால் நீதிமன்றத்தில் எழுந்து நின்ற அதே நிற்பு.

"நான் ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன்" என்று அந்தத் தாய் தொடங்கினாள். "உங்க திட்டம் முன்னூத்திப் பத்துப் பக்கம். என் கடையிலதான் நாலு பேர் நகல் எடுத்தாங்க. எடுக்கும்போதே படிச்சுட்டேன். தண்ணீர்த்தொட்டி ஸ்டாப்பை மூணாம் கட்டத்துல போட்டிருக்கீங்க. முதல் கட்டத்துல போடணும். அங்க என் பொண்ணு பஸ்ல அடிபட்டுப் போய்ட்டா. அவ கவனக்குறைவா ஓடினான்னு தீர்ப்புல எழுதியிருக்கு. சரி, இருக்கட்டும். இன்னொரு கவனக்குறைவான பிள்ளை வருமில்ல? அதுக்காகக் கேக்கறேன்."

மணி அடிக்க இன்னும் ஒன்றரை நிமிடம் இருந்தது. அவள் திரும்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முப்பத்திரண்டு."

சீட்டைச் சட்டைப்பைக்குள் செருகிவிட்டு அப்படியே பின்வாசல் வழியாகப் போய்விடலாமா என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது. தான் பேசினால் இவள் முன்னால் அது சாக்குப்போக்காகத்தான் கேட்கும். கொன்றவன் பலகையின் மேல் பழி போடுகிறான் என்றுதான் நினைப்பாள். "முப்பத்திரண்டு இருக்காரா?" என்று மறுபடியும் கேட்டார்கள். போனார்.

"நான் பஸ் டிரைவருங்க. அந்த வண்டியை ஓட்டினது நான்தான்."

அவர் முன்வரிசைப் பக்கம் பார்க்கவில்லை. மேடையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"லீவு நாள்ல அங்க போய் நின்னு பார்த்திருக்கேன். டிரைவர் சீட் உயரத்துக்கு ஒரு ஸ்டூல் எடுத்துட்டுப் போய் ஏறி நின்னு பார்த்தேன். வளைவு தாண்டினா பலகைதான் தெரியும். ஆள் தெரியறப்ப நடுவுல பதினோரு மீட்டர்தான் இருக்கும். முப்பதுல வர்ற வண்டி பதினோரு மீட்டர்ல நிக்காதுங்க. சந்துப் பக்கமும் நின்னு பார்த்தேன். அங்கேருந்து பார்த்தாலும் பஸ் தெரியாது. ரோட்டுல கால் வச்சப்புறம்தான் தெரியும். அந்தப் பொண்ணு கவனக்குறைவா ஓடலைங்க. நின்னு பார்த்திருந்தாலும் அவளுக்கு என் வண்டி தெரிஞ்சிருக்காது."

மணி அடித்தது. தலைமைப் பொறியாளர் மணி அடித்தவரைக் கையமர்த்தினார். "சொல்லுங்க."

"அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பதிவேட்டுல நான் எழுதிக் குடுத்திருந்தேன். கோர்ட்டுல அதைச் சொல்லல. சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு மேல அந்த வார்த்தை விழுந்திருக்காது. பயந்துட்டேன். அவ்வளவுதாங்க."

அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து படிக்கட்டுக்குப் பக்கத்திலிருந்த குழாயில் முகம் கழுவினார். நிமிர்ந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றார்.

"ஒன்பது வருஷம்" என்றாள். குரல் உயரவில்லை. "ஒன்பது வருஷமா என் வீட்டுக்காரர் அந்தத் தீர்ப்பைப் படிச்சுப் படிச்சு, 'உன் வளர்ப்பு, உன் வளர்ப்பு'ன்னு என்னையே சொல்லிட்டிருந்தாரு. போன வருஷம் அவரும் போய்ட்டாரு. இந்த வார்த்தையைக் கேக்காமலே போய்ட்டாரு."

"தப்புதாம்மா" என்றார் அவர்.

"தப்புன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டீங்க."

படியில் ஏறுபவர்களும் இறங்குபவர்களும் இவர்களை விலகிப் போனார்கள். அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். கையில் ஈரம் எதுவும் இல்லை.

"அன்னைக்கு நான்தான் விரட்டினேன்" என்றாள், வேறு யாரிடமோ சொல்வதுபோல. "'பஸ் போயிடும், லேட்டு லேட்டு, எப்பப் பார்த்தாலும் லேட்டு'ன்னு கத்தினேன். சாப்பிட்ட தட்டை அப்படியே வச்சிட்டு ஓடினா. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல." பிறகு நேராகப் பார்த்தாள். "நீங்கதான் அவ தலையைத் தாங்கிட்டு இருந்தீங்கன்னு பார்த்தவங்க சொன்னாங்க. அவ ஏதாவது சொன்னாளா?"

சொன்னாள். ஒன்பது வருடத்தில் அவர் காதைவிட்டுப் போகாத குரல் அது. கண்ணைத் திறந்து, அவர் யாரென்று தெரியாமல், பக்கத்து வீட்டு மாமாவிடம் சொல்வதுபோல, "லேட்டாயிடுச்சு. அம்மா திட்டுவாங்க" என்றாள். அவர் "திட்ட மாட்டாங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

"ஒண்ணும் சொல்லலம்மா" என்றார். "கண்ணே திறக்கல."

"வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. தூங்கற மாதிரிதான் இருந்தா."

அவள் அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

பத்து நாளில் விளம்பரப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். அதற்கு ஒன்பது வருடமும் இரண்டு ஆட்களும் ஒரு ஏணியும் தேவைப்பட்டன என்று மனைவியிடம் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: 'பதிவேட்டு விவரத்தை உரிய நேரத்தில் நீதிமன்றத்தில் தெரிவிக்காதது ஏன்?' சொல்ல வேண்டாம் என்று சொல்லிக்கொடுத்தவர்களே இதைக் கேட்டது அவருக்கு வினோதமாக இருந்தது. 'பயம்' என்று ஒரே சொல்லை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்கவில்லை. ஓய்வு நாளன்று பணிமனையில் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். மேலாளர் வரவில்லை.

அதற்கு அடுத்த மாதம், கூட்ட நடவடிக்கைக் குறிப்பை இணைப்பாகச் சேர்த்துத் திருத்திய திட்டம் வெளிவந்தது. தண்ணீர்த்தொட்டி நிறுத்தம் முதல் கட்டத்துக்கு வந்துவிட்டது. வளைவிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி அமைக்கப்போகிறார்கள். அன்று மதியம் ஒரு புதிய எண்ணிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. "ஜெராக்ஸ் கடையிலேருந்து பேசறேன். பணிமனையில உங்க நம்பர் வாங்கினேன். கொஞ்சம் வர முடியுமா?"

கடை சின்னது. இரண்டு இயந்திரங்கள், காகிதக் கட்டுகள், ஒரு முக்காலி. அவள் திட்டப் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். விரலால் சுட்டிக்காட்டிய இடத்தில் இருந்தது: 'எண் 32. ஓட்டுநர். நிறுத்தத்தில் பார்வைத் தடை குறித்துப் பேசினார். குறித்துக்கொள்ளப்பட்டது.'

"அவ்வளவுதான் போட்டிருக்காங்க. அவ கவனக்குறைவா ஓடலன்னு நீங்க சொன்னது இதுல இல்ல. வக்கீல்கிட்ட கேட்டேன், தீர்ப்பை இனிமே மாத்த முடியாதாம். கோர்ட்லயும் இல்ல, இதுலயும் இல்லன்னா அப்புறம் எங்கதான் இருக்கும்?" என்றாள். ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள். "அன்னைக்குச் சொன்னதை உங்க கையால எழுதிக் குடுங்க."

முக்காலியில் உட்கார்ந்து எழுதினார். வளைவு, பலகை, பதினோரு மீட்டர், சந்துப் பக்கம் நின்று பார்த்தது, பதிவேட்டில் எழுதியது, நீதிமன்றத்தில் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும். அந்தப் பெண்ணின் பெயரை முழுதாக, எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினார். கடைக்கு வந்த இரண்டு பேரை அவள் "அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

"வேற ஏதாவது ஞாபகம் இருந்தா அதையும் எழுதுங்க" என்றாள், இயந்திரத்தின் மூடியைத் துடைத்துக்கொண்டே.

பேனா நின்றது.

"இவ்வளவுதாம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

அவள் தாளை வாங்கி நின்றபடியே ஒருமுறை படித்தாள். பிறகு மூடியைத் தூக்கித் தாளைக் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அழுத்தினாள். சூடாக வெளியே வந்த நகலை அவர் கையில் கொடுத்துவிட்டு, அசலைத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.